காசு கொட்டியும் மெட்ஸ் ஏன் கவிழ்கிறது? மகன் கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை

ஏழாம் நம்பர் ரயில் (கேள்வி)

வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் என் வீட்டுக்குள் வந்தது மகன் வழியாக. எங்கள் வீடு நியூயார்க்கில், ஃப்ளஷிங்கில். பௌன் தெருப் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, மெயின் ஸ்ட்ரீட்டில் ஏழாம் நம்பர் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சிட்டி ஃபீல்ட் மைதானம். அப்படித்தான் அவன் அங்கே ஆடும் மெட்ஸ் அணிக்கு ரசிகன் ஆனான். துணைக்குப் போய்ப் போய் நானும் மாட்டிக்கொண்டேன்.

2025 செப்டம்பர் 28, ஞாயிறு மதியம், மயாமியில் சீசனின் கடைசி ஆட்டம். அன்று சின்சினாட்டி தோற்றுவிட்டது. நாங்கள் ஜெயித்திருந்தால் பிளேஆஃப் உறுதி. 4-0 என்று தோற்றோம். இரண்டு அணிக்கும் 83 வெற்றி, 79 தோல்வி. நேருக்கு நேர் ஆடிய கணக்கில் சின்சினாட்டி முன்னால் இருந்ததால் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. ஜூன் 12 அன்று 45-24 என்று எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற அணி இது. மகன் டிவியை அணைத்துவிட்டு என்னை முறைத்தான். ஏதோ அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் ட்ரேட் எல்லாம் செய்தது நான்தான் என்பது போல.

"அப்பா, நம்ம ஓனர்கிட்டதானே எல்லாரையும் விடக் காசு இருக்கு? அப்புறம் ஏன் நடுவுல சரி பண்ண முடியல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்குப் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. 2023 ஜூலை 27, வியாழன் இரவு, வாஷிங்டனுடன் ஆட்டம். நாங்கள் மைதானத்தில் இருந்தோம். மழையால் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது. மெட்ஸ் முன்னிலை. கடைசியில் பிட்சர் (பந்து போடுபவர்) டேவிட் ராபர்ட்சன் வந்து முடித்துவைப்பார் என்று இவன் எழுந்து நின்றுகொண்டிருக்கிறான். அவர் வரவில்லை, ப்ரூக்ஸ் ரேலி வந்தார். ஜெயித்துவிட்டு வெளியே வந்தால், ராபர்ட்சனை மயாமிக்குக் கொடுத்துவிட்டதாக போனில் செய்தி. ரயிலில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அடுத்த சில நாட்களில் ஷெர்சர், வெர்லாண்டர், கான்ஹா, ஃபாம் என்று வீட்டைக் காலி செய்வது போல ஒவ்வொருவராக வண்டி ஏற்றினார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 4 கோடியே 33 லட்சம் டாலர் சம்பளம் என்று ஷெர்சர், வெர்லாண்டர் இரண்டு பிட்சர்களைக் கொண்டுவந்து, அப்புறம் அவர்களை வேறு அணிக்கு அனுப்பி, அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதியையும் நாமே கொடுப்பதாம். கல்யாணப் பெண்ணையும் அனுப்பி மாப்பிள்ளை வீட்டுக்கு மாதச் செலவும் அனுப்புகிற கதையாக இருக்கிறது.

என் சந்தேகங்கள்:

ஐபிஎல்லில் ஏலப் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இங்கே அது இல்லையா? அடிபட்டுக் கிடப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? நேற்று வந்த பிட்சர் இன்று ஏன் காணாமல் போகிறார்? இந்த வருடம் ஸ்கோர் கார்டில் பெயர் எழுதி எழுதி இவனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, காசு இருந்தும் ஏன் நடுவில் சரி செய்ய முடியாது?

---

டிப்போ பெரியவர்

தம்பி, நான் முப்பது வருடம் பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போட்டவன். பையனுக்கு என் தொழிலை வைத்தே சொல்கிறேன். பணம் எத்தனை இருந்தாலும் ஒரு டிப்போவில் எத்தனை டிரைவர் பெயரைச் சார்ட்டில் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. மெட்ஸுக்குத் தட்டுப்பாடு டாலரில் இல்லை. சார்ட்டில் இடம் இல்லாததுதான் சிக்கல்.

அன்றைக்கு ஆடத் தகுதியான பட்டியலில் 26 பேர். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. செப்டம்பரில் மட்டும் மொத்தம் 28. அதற்கு வெளியே 40 பேர் பட்டியல் ஒன்று இருக்கிறது. 26-க்குள் வர வேண்டுமென்றால் முதலில் 40-க்குள் இருக்க வேண்டும். 40-ம் நிறைந்திருந்தால், புதிதாக ஒருவனை ஏற்ற ஒருவனை இறக்கியாக வேண்டும். இறக்கினால் அவனை வேறு அணி எடுத்துக்கொண்டு போய்விடலாம். நான் எத்தனையோ நல்ல ஸ்பேர் டிரைவர்களைப் பக்கத்து டிப்போவுக்கு இப்படித்தான் பறிகொடுத்தேன்.

இப்போது "நேற்று வந்தவன் எங்கே" என்ற கேள்வி. இளம் ஆட்டக்காரர்களிடம் 'ஆப்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. மூன்று சீசன்கள் வரை அணி அவர்களை இஷ்டத்துக்கு மைனர் லீகுக்கு (கீழ்மட்ட அணிக்கு) அனுப்பலாம், கூப்பிடலாம். மெட்ஸுக்கு அந்த இடம் சிராக்யூஸ். முன்பெல்லாம் ஒரே பையனை ஒரு சீசனில் பத்துத் தடவைகூட மேலும் கீழும் அலையவிடுவார்கள். 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து தடவைதான். கீழே அனுப்பிய பிட்சரைப் 15 நாளுக்குள் திரும்பக் கூப்பிடவும் கூடாது, யாராவது அடிபட்டு அவர் இடத்துக்கு வந்தால் ஒழிய.

2025-ல் மெட்ஸுக்கு ஆனது இதுதான். ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள்) வரிசையாக விழுந்தார்கள். மனாயாவுக்கு விலாத் தசை, மொன்டாஸுக்கு முதுகுப் பக்கத் தசை, செங்காவுக்குத் தொடை, கேனிங்குக்குக் குதிகால் தசைநாண், மெகிலுக்கு முழங்கை. மிச்சம் இருந்தவர்களும் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. ஒன்பதில் பாக்கி நாலு இன்னிங்ஸை யார் போடுவது? புல்பென்தான், அதாவது நடுவில் இறங்கும் மாற்று பிட்சர்கள். இன்று இரண்டு இன்னிங்ஸ் போட்டவன் நாளைக்குப் போட முடியாது. அப்போது அவனைச் சிராக்யூஸுக்கு அனுப்பிவிட்டு, தோள் வலிக்காத இன்னொருவனைக் கூப்பிடு. அவனும் இரண்டு போட்டால் அவனையும் அனுப்பு. இப்படியே நாற்பதுக்கும் மேற்பட்ட பிட்சர்கள் அந்தச் சட்டையைப் போட்டார்கள். மேலே இருக்கும் நாட்களுக்கு மட்டும் மேஜர் லீக் சம்பளம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 4,000. நம் கண்ணுக்கு அது பெரிய பணம். ஆனால் பெட்டியைப் பிரிக்கக்கூட நேரமில்லாத பிழைப்பு.

ஆப்ஷன் தீர்ந்துபோன பழைய ஆட்களைக் கீழே அனுப்ப முடியாது. பிட்சர் களைத்திருக்கிறான், அனுப்ப வழியில்லை, விட்டுவிட்டால் வேறு அணி கொத்திக்கொள்ளும். என்ன செய்வது? காயப் பட்டியல் இருக்கிறதே! பிட்சருக்குக் குறைந்தது 15 நாள், மற்றவர்களுக்கு 10 நாள். அந்த நாட்களுக்கு அவன் 26-ல் கணக்கில்லை. 60 நாள் பட்டியலில் போட்டால் 40-லும் கணக்கில்லை. என் டிப்போவில் தீபாவளி வாரம் முதுகுவலி கூடுகிற மாதிரி, சில அணிகளில் ஆட்டம் நெருக்கும்போது தசைப்பிடிப்பு கூடும். எல்லோரும் செய்கிறார்கள் என்று வெகுகாலமாக முணுமுணுப்பு உண்டு. மாட்டியது நம் ஆள். மெட்ஸ் ஜெனரல் மேனேஜராக இருந்த பில்லி எப்ளர் 2023 அக்டோபரில் விலகினார். 2022, 2023 இரண்டு சீசன்களிலும் இல்லாத காயத்தை இருப்பதாகக் காகிதம் கொடுத்து ஆட்களைக் காயப் பட்டியலில் போட்டார் என்று லீக் விசாரித்து முடிவு செய்தது. 2024 உலகத் தொடர் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) முடியும் வரை அவருக்குத் தடை. பணக்கார அணியே பொய்க் காயம் எழுதுகிற நிலைக்குப் போகிறதென்றால், ஒரு இடத்துக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்.

இன்னொன்றும் பையனிடம் சொல். 2023 ஏப்ரல் 19, லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெர்சர் கையில் பிசின் ஒட்டியிருக்கிறது என்று நடுவர் வெளியே அனுப்பினார். பத்து ஆட்டத் தடை. அடிபட்டிருந்தால் மாற்று ஆள் போடலாம். தடை என்றால் போட முடியாது, பத்து ஆட்டமும் 25 பேரோடுதான் ஆட வேண்டும். ஜூன் மாதம் ட்ரூ ஸ்மித்துக்கும் அதே கதை. அந்த ஜூனில் மெட்ஸ் 7 ஜெயித்து 19 தோற்றது.

---

பஃபலோ பேயூ

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் அணியான ஆஸ்ட்ரோஸின் ரசிகை. பெரியவர் இடத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் "பணம் பிரச்சினையே இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மாப்பிள்ளை வீட்டு உதாரணத்துக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வெர்லாண்டர் வந்து சேர்ந்த மாப்பிள்ளை வீடு நாங்கள்தான்.

பேஸ்பாலில் உச்சவரம்பு கிடையாது, வரி உண்டு. லக்சுரி டாக்ஸ் என்பார்கள். 2023-க்குக் கோடு 23.3 கோடி டாலர். அதற்கு மேல் போனால் படிப்படியாக வரி. 29.3 கோடியில் கடைசிப் படி. அந்தப் படிக்கு ரசிகர்கள் வைத்த பெயரே கோஹன் வரி, உங்கள் ஓனர் ஸ்டீவ் கோஹனை மனதில் வைத்து. மெட்ஸ் அப்போது தொடர்ந்து இரண்டாவது வருடமாகக் கோட்டைத் தாண்டிய அணி. அதனால் உச்சியில் 90 சதவீதம். அதாவது ஜூலையில் ஒரு நல்ல பிட்சரைச் சேர்த்தால், அவருக்குத் தரும் ஒவ்வொரு டாலருக்கும் அரசாங்கத்துக்குக் கட்டுகிற மாதிரி லீகுக்கு இன்னொரு 90 காசு. அந்த வருடம் வரிக் கணக்கில் மெட்ஸ் சம்பளம் 37 கோடியைத் தாண்டியது. வரி மட்டும் 10 கோடிக்கு மேல், அதுவரை எந்த அணியும் கட்டாத தொகை. கைக்கு வந்தது 75 வெற்றி, 87 தோல்வி, பிரிவில் நான்காம் இடம். இப்போது நீங்கள் தொடர்ந்து தாண்டுவதால் உச்சி விகிதம் 110 சதவீதம். ஒரு டாலர் ஆட்டக்காரர் உங்களுக்கு இரண்டு டாலர் பத்துக் காசு. கோஹனே ஆனாலும் கை கொஞ்சம் நிற்கும்.

சரி, ட்ரேட். ஷெர்சருக்கு அந்தச் சீசன் மிச்சமும் 2024-ம் சேர்த்து 5.8 கோடி போலப் பாக்கி. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அதை முழுதாக ஏற்பதாக இருந்தால், 39 வயதுக்காரருக்குப் பதிலாக ஒரு நல்ல இளைஞனைத் தந்திருக்க மாட்டார்கள். மெட்ஸ் அதில் மூன்றரைக் கோடியைத் தானே கொடுப்பதாகச் சொன்னதும்தான் லூயிஸாஞ்செல் அகுன்யா கிடைத்தான். அட்லான்டா அணியின் நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யாவின் தம்பி. வெர்லாண்டருக்கும் அதே கணக்கு. எங்களுக்கு வந்தவர் 40 வயதுக்காரர், உங்களுக்கு வந்தவர்கள் ட்ரூ கில்பர்ட், ரையன் கிளிஃபர்ட் என்ற இரண்டு இளைஞர்கள். சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டிய கடன். பேஸ்பால் ஒப்பந்தம் கையெழுத்தானால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் உண்டு. எனவே 2023 ஆகஸ்ட் 1 அன்று மெட்ஸ் மூன்றரைக் கோடி கொடுத்து வெர்லாண்டரை விரட்டவில்லை. மூன்றரைக் கோடி கொடுத்து இளைஞர்களை வாங்கியது. இளைஞர்களை நேரடியாகக் காசுக்கு வாங்க முடியாது, இப்படிச் சுற்றி வளைத்துத்தான் வாங்க முடியும்.

இரண்டு பேருக்கும் ட்ரேடை மறுக்கும் உரிமை இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். அணி 2024-ல் பெரிதாகச் சேர்க்கப் போவதில்லை, கண் 2025, 2026 மேல் இருக்கிறது என்று நிர்வாகம் சொன்ன பிறகுதான் ஷெர்சர் தலையாட்டினார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அக்டோபரில் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றில் ஹூஸ்டனும் டெக்சஸும் மோதின. இந்தப் பக்கம் வெர்லாண்டர், அந்தப் பக்கம் ஷெர்சர். ஏழு ஆட்டம். இருவர் சம்பளத்திலும் மெட்ஸ் பங்கு. டெக்சஸ் ஜெயித்து, உலகத் தொடரையும் ஜெயித்தது. தொடரில் அவர்கள் தோற்கடித்த அரிசோனாவில் ஆடியவர் உங்கள் டாமி ஃபாம். நான் அந்த ஏழாவது ஆட்டத்தைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை.

யார் ஏமாந்தார்கள் என்றால், 2024-ஐப் பாருங்கள். வெர்லாண்டர் கழுத்து வலி, தோள் வலி என்று 90 இன்னிங்ஸ் சொச்சம்தான் போட்டார். 140 போட்டிருந்தால் 2025 சம்பளம் தானாக உறுதியாகி, அதில் பாதி மெட்ஸ் தலையில் விழுந்திருக்கும். அதுவும் உங்களுக்குத் தப்பியது. ஷெர்சர் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் 9 ஆட்டம்தான் தொடங்கினார்.

---

ஏழாம் நம்பர் ரயில்

அக்கா, "இளைஞர்களை வாங்கியது" என்ற வரியை மகனிடம் படித்துக் காட்டினேன். "அப்ப ராபர்ட்சனைக் கொடுத்து வாங்கின பசங்க எங்கே?" என்கிறான். அவனுக்கு அந்த ஒரு ட்ரேடுதான் உலகம்.

2024 செப்டம்பரில் எங்கள் நட்சத்திரம் லிண்டோருக்கு முதுகு பிடித்தபோது அவர் இடத்தில் ஆட வந்து மூன்று ஹோம் ரன் அடித்தவன்தான் இந்த அகுன்யா என்பது எனக்கு இப்போதுதான் இணைகிறது. அந்த வருடம் பிளேஆஃபில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுடன் மோதும் வரை போனோம். ஆக அவன் கொஞ்சம் கடனை அடைத்திருக்கிறான்.

காயத்துக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி பாக்கி. அப்போது எங்கள் ஆட்டங்களை முடித்துவைக்கும் பிட்சராக இருந்த எட்வின் டியாஸ் விஷயமும் சேர்த்துச் சொல்லுங்கள் யாராவது. அவர் 2023-ல் ஒரு பந்துகூடப் போடவில்லையே.

---

தோள்பட்டை

நான் நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்ட். பள்ளிக்கூடப் பிட்சர் பையன்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருவார்கள், பெரும்பாலும் முழங்கை. அதனால் எனக்குக் காயப் பட்டியல் பக்கம்தான் முதலில் கண் போகும்.

டியாஸ்: 2023 மார்ச் 15, மயாமி, நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக். டொமினிக்கன் குடியரசை போர்ட்டோ ரிக்கோ ஜெயித்தது. கடைசி மூன்று பேரையும் அவுட் ஆக்கிவிட்டுக் கூட்டாளிகளோடு குதித்துக் கொண்டாடும்போது வலது முழங்காலின் முன் தசைநாண் அறுந்தது. ஆட்டத்தில் அடிபடவில்லை, ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில் அடிபட்டது. சில மாதம் முன்புதான் ஐந்து வருடத்துக்கு 10.2 கோடி என்று கையெழுத்திட்டிருந்தார். சம்பளம் அவருக்கு முழுதாக வந்தது. அந்த வருடத்துப் பங்கை, போட்டிக்காக எடுத்திருந்த காப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆனால் லக்சுரி டாக்ஸ் கணக்கு காப்பீட்டைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் வருட சராசரிதான் கணக்கு. படுக்கையில் இருக்கும் ஆளுக்கும் வரி கட்டியாக வேண்டும்.

சாதாரணக் காயத்துக்கு அணிதான் தரும். காயப் பட்டியலில் இருக்கும் நாட்களும் பணி நாட்களாகவே எண்ணப்படும். பெரிய ஒப்பந்தங்களுக்குச் சில அணிகள் தனியாகக் காப்பீடு எடுக்கும். மெட்ஸ் கேப்டனாக இருந்த டேவிட் ரைட் தண்டுவடக் குறுக்கத்தோடு வருடக்கணக்கில் போராடினாரே, அவர் சம்பளத்தில் முக்கால் பங்கைக் காப்பீடு கொடுத்தது. அதில் ஒரு கசப்பும் உண்டு. அவர் ஆடத் தகுதி பெற்றுத் திரும்பினால் காப்பீட்டுப் பணம் நின்றுவிடும். கேப்டன் திரும்ப வேண்டும் என்று கூட்டம் வேண்டிக்கொள்ளும், கணக்குப் பிள்ளைக்கு அவர் வராவிட்டால் லாபம். 2018 செப்டம்பர் 29 அன்று கடைசி முறையாக ஆடி விடைபெற்றார்.

காசு இருந்தும் ஏன் சரி செய்ய முடியவில்லை என்ற உங்கள் மூலக் கேள்விக்கு என் பதில் வேறு. மெட்ஸ் 2023-ல் வாங்கியது வயதை. வெர்லாண்டர் சீசன் முதல் நாளே தோளுக்குப் பின்புறத் தசை இழுத்து வெளியே, முதல் ஆட்டம் மே 4. அதே தசையைப் பின்னாளில் செப்டம்பரில் டெக்சஸ் அணிக்கு ஆடும்போது இழுத்துக்கொண்டவர் ஷெர்சர். கின்டானாவுக்கு விலா எலும்பில் கட்டி, நல்ல வேளை புற்று இல்லை. ஆனால் அறுவை சிகிச்சை, ஜூலை வரை இல்லை. மார்ட்டே இடுப்புத் தசை அறுவையிலிருந்து முழுதாக மீளவே இல்லை. முப்பத்தைந்தைத் தாண்டிய உடம்பு உடையாது என்று சொல்லி யாரும் விற்கவில்லை. வாங்கியவர்களும் தெரிந்துதான் வாங்கினார்கள். தெரிந்து வாங்கியதற்கு இணையாக, உடைந்தால் யார் என்ற வரிசையை வைத்திருக்கவில்லை. அதுதான் பிழை. 2024 டாட்ஜர்ஸைப் பாருங்கள். அக்டோபரில் அவர்களிடம் நிற்கிற ஸ்டார்ட்டர் மூன்று பேர்தான். மிச்ச ஆட்டங்களைப் புல்பென்னே பிய்த்துப் பிய்த்துப் போட்டது. மெட்ஸைத் தாண்டி உலகத் தொடரையும் ஜெயித்தார்கள்.

செங்காவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன், மனசு கேட்கவில்லை. 2025 ஜூன் 12. நீங்கள் சொன்ன அதே 45-24 நாள். அன்று பிற்பகல் சிட்டி ஃபீல்டில் அவர் பந்து போட்டார். அந்த ஆட்டத்தையும் சேர்த்து அவருடைய சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) 1.47. முதல் பேஸைக் காக்க ஓடினார், கூட்டாளி அலான்சோ எறிந்தது கொஞ்சம் உயரம், எட்டிக் குதித்துப் பிடித்தார், கால் தரையில் பட்டதும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கிளினிக்கில் வேலைக்கு நடுவே போனில் பார்த்தேன். அந்த உட்காரும் விதம் எங்களுக்குத் தெரியும்.

ஒரு மாதத்தில், ஜூலை 11 அன்று திரும்ப வந்தார். மைனர் லீகில் ஒரே ஒரு ஒத்திகை ஆட்டம்தான். தொடை ஆறியிருக்கும், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பிட்சருக்குப் பலம் காலிலிருந்துதான் கிளம்புகிறது. தொடையை நம்பாத உடம்பு இடுப்பைத் திருப்பும் நேரத்தை மாற்றிவிடும், அவருக்கே தெரியாமல். ஐந்து இன்னிங்ஸ் தாண்டத் திணறினார். செப்டம்பரில் சிராக்யூஸ் போகிறாயா என்று கேட்டார்கள். மறுக்கும் உரிமை இருந்தும் போனார். நான் அவர் கோப்பைப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்து பேசுகிறேன். ஆனால் என் கிளினிக்கில் அவர் இருந்திருந்தால் ஒரு ஒத்திகை ஆட்டத்தோடு விட்டிருக்க மாட்டேன். விடவில்லை என்றால் ஓனர் என்னை விட்டுவைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி. ஸ்டார்ட்டர் யாருமே இல்லாத ஜூலை அது.

---

அனஹைம் அப்பாவி

உங்கள் துக்கம் எல்லாம் துக்கமா? நான் ஏஞ்சல்ஸ் ரசிகன். 2023 ஜூலை 26 அன்று, எங்கள் நட்சத்திரம் ஓடானி போவதற்குள் ஒரு தடவையாவது பிளேஆஃப் என்று கையில் இருந்த நல்ல இளைஞர்களைக் கொடுத்து ஜியொலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கினோம். ஆகஸ்டில் சரிந்தோம். ஆகஸ்ட் 23 அன்று ஓடானியின் முழங்கை. மாதக் கடைசியில், வாங்கி ஐந்து வாரம்கூட ஆகாத அந்த இருவரையும், கூடவே மூர், ரென்ஃப்ரோ, க்ரிச்சக், லியோன் என்று ஆறு பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் வைத்தோம். மூன்று பேரைக் கிளீவ்லாண்ட் அள்ளிக்கொண்டது. காரணம்? 23.3 கோடிக் கோட்டுக்குக் கீழே போக. கோட்டுக்குக் கீழே இருந்தால், ஓடானி வேறு அணிக்குப் போகும்போது ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் வாய்ப்பு (புது இளைஞர்களை முறை வைத்து எடுக்கும் வாய்ப்பு) கொஞ்சம் முன்னால் வரும். மயிரிழையில் கீழே போனோம். 73-89. ஓடானி 70 கோடிக்கு டாட்ஜர்ஸுக்குப் போனார், முப்பது மைல் தள்ளி.

கோஹன் செய்ததாவது பணத்தை இளைஞர்களாக மாற்றியது. நாங்கள் இளைஞர்களைக் கொடுத்து ஐந்து வாரம் வாங்கினோம். அடிபட்டே கிடந்த எங்கள் ரென்டோனின் ஏழு வருட 24.5 கோடியைப் பற்றிக் கேட்காதீர்கள், இப்போதுதான் சாப்பிட்டேன்.

---

டிப்போ பெரியவர்

அனஹைம் தம்பி, வா, உட்கார், மோர் குடி.

பிசியோ அம்மா சொன்ன வரிசை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். 2025 ஜூலைக் கடைசியில் மெட்ஸ் வாங்கியது ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், சோட்டோ என்று புல்பென் ஆட்களை, அப்புறம் அவுட்ஃபீல்டுக்கு மல்லின்ஸை. ஸ்டார்ட்டர் ஒருவர்கூட இல்லை. ராஜர்ஸுக்குக் கொடுத்த விலையில் வெர்லாண்டருக்கு ஈடாக வந்த அதே ட்ரூ கில்பர்ட்டும் ஒருவன். ஹெல்ஸ்லி வந்தபின் அடித்து நொறுக்கப்பட்டார், சராசரி 7.20. ஆக மூன்றரைக் கோடி போட்டு வாங்கிய இளைஞன், புல்பென் ஆளாக மாறி, அதுவும் பிளேஆஃபுக்குப் போதவில்லை. கடைசியில் அணியைத் தாங்கியது ஆகஸ்ட் நடுவில் மேலே வந்த நோலன் மெக்லீன். காசு கொடுத்து வாங்கியவன் அல்ல, டிராஃப்டில் எடுத்து வளர்த்த சொந்த ஆள். அவனை ஜூலையிலேயே கூப்பிட்டிருந்தால் என்று நான் இரவில் புரளுவது உண்டு. ஒரே ஒரு வெற்றி போதுமே.

---

ஏழாம் நம்பர் ரயில்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முழுதும் வாசித்துக் காட்டினேன். பொய்க் காயம் பற்றி வந்தபோது மகன் கண் விரிந்தது. திங்கள்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கிறது, அதற்குப் பொய்க் காயம் எதுவும் யோசிக்காதே என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பழைய மெட்ஸ் ஆட்டக்காரர் பாபி போனில்லா கதையை அவனாகவே எங்கோ படித்திருக்கிறான். ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் மெட்ஸ் அவருக்கு 11 லட்சத்து 93 ஆயிரம் டாலர் சொச்சம் அனுப்புகிறது, 2035 வரை அனுப்பும். "அப்ப எனக்கு 23 வயசு ஆகுற வரைக்கும் அவர் நம்ம சம்பளப் பட்டியல்ல இருப்பார், ராபர்ட்சன் இருக்க மாட்டார்" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல?

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. நாற்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், வயது, எத்தனை ஆப்ஷன் பாக்கி, எந்த உறுப்பு எப்போது அடிபட்டது. செங்கா கட்டத்தில் தொடைக்குச் சிவப்பு மை. அம்மா ஒட்டியிருந்த பால் கணக்குத் தாள் கீழே விழுந்து கிடக்கிறது. பெரியவரே, 60 நாள் பட்டியலில் இருப்பவர்களை எந்த மையில் எழுதுவது என்று கேட்கச் சொன்னான்.

---

டிப்போ பெரியவர்

பென்சிலில். சீசன் முடிந்ததும் 60 நாள் பட்டியலைக் கலைத்துவிடுவார்கள், அத்தனை பேரும் மறுபடி நாற்பதுக்குள் வந்து நிற்பார்கள். அழித்து எழுத வேண்டியிருக்கும். சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.